ஐப்பசி மழையில் மலைமேல் படுக்க: பிவி உறையா, தார்ப்பாயா, டென்டா, தூளியா?

அக்கா மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, தீபாவளி லீவுல பசங்க நாலு பேர் ஜவ்வாது மலைல மூணு நாள் நடக்கப் போறோம். டென்ட் தூக்க வேணாம்னு பிவி வாங்கலாம்னு இருக்கேன். அரைக் கிலோதான் வருது. வாங்கட்டுமா?" நான் பஸ்ஸில் இருந்தேன். "இந்த மழைக்கு அது வேணாம்டா, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த 'அப்புறம்'தான் இது. அவனைப் போல யோசிக்கிறவர்கள் வேலூர்ப் பக்கம் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

பிவி என்பது ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போடும் தண்ணீர் புகாத உறை. ஆள் நீளத்துக்கு ஒரு பை, தலைப்பக்கம் ஒரு ஜிப், அவ்வளவுதான். சாதாரண உறை 200 முதல் 500 கிராம் வரை இருக்கும். முகத்துக்கு மேல் ஒரு வளையக் கம்பி வைத்து, துணி மூக்கில் படாமல் தூக்கி நிறுத்துகிற வகை ஏறக்குறைய ஒரு கிலோ வரும். பனிமலை ஏறுகிறவர்களுக்காக வந்த பொருள் இது. டென்ட் அடிக்க இடமில்லாத பாறை விளிம்பில், காற்று அடிக்கிற குளிரில், ஒரு ராத்திரியை உயிரோடு கடத்துவதற்கு. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் வாங்கினேன். எடை குறைவு, கம்பி இல்லை, கயிறு இல்லை, எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம். ஒரு நவம்பரில் ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய், அங்கிருந்து நடந்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சாமைக் கொல்லையில் தங்கினேன். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன். இரவு எட்டு மணிக்குப் பிடித்த மழை நாலு மணி வரைக்கும் விடவில்லை. பெருமழை இல்லை, ஒரே சீரான அடைமழை. உள்ளே போய் ஜிப்பை மூடினேன். பத்து நிமிடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. திறந்தால் மழை முகத்தில் அடித்தது, கூடவே கொசு. மூடினேன், திறந்தேன், மூடினேன். இப்படியே விடிந்தது.

காலையில் எழுந்து உறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பினேன். கால்பக்கத்தில் துணி முழுக்க மணி மணியாகத் தண்ணீர் கோர்த்திருந்தது, வாழையிலையில் பனி நிற்கிற மாதிரி. விரலால் வழித்தால் ஓடையாக வழிந்தது. ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் நனைந்து கனத்துப்போய், உள்ளே இருந்த இறகெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. உறை ஒழுகுகிறது, ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றைக்கும் மழை விடவில்லை. கொல்லைக்காரர் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார். அன்று இரவு அதே உறையைத் துடைத்து, உள்ளே உலர்ந்த துண்டு ஒன்றை வைத்து, ஜிப்பை இறுக மூடி, வாசலில் மழையிலேயே போட்டேன். காலையில் எடுத்தால் துண்டு சில்லென்று இருந்ததே தவிர நனையவில்லை. உறை ஒழுகவில்லை. முந்தின ராத்திரி என்னை நனைத்தது முழுக்க என் உடம்பிலிருந்து வந்த தண்ணீர்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நாம் சும்மா படுத்திருந்தாலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. எட்டு மணி நேரத் தூக்கத்துக்குக் கால் லிட்டர். புழுக்கத்தில் வேர்த்தால் இன்னும் அதிகம். பிவியின் மேல்துணி 'மூச்சு விடும்' என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த, பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கை இழுத்து விரித்த படலம்தான் இந்த வகைத் துணிகளுக்கெல்லாம் முன்னோடி. தண்ணீர்த் துளி நுழைய முடியாத, ஆவி மட்டும் போகக்கூடிய நுண்துளைகள் அதில் இருக்கின்றன. ஆனால் ஆவி தானாகக் கிளம்பிப் போகாது. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும்.

இங்கேதான் நம் ஊர் மாறுபடுகிறது. 0 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவான ஆவியைத்தான் தாங்கும். 20 டிகிரிக் காற்று 17 கிராம் தாங்கும். உறைக்குள் உடம்புச் சூட்டில் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 30 கிராம். இமயமலையில் உள்ளே 30, வெளியே 5, வித்தியாசம் 25. ஐப்பசி ராத்திரியில் ஜவ்வாது மலையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது வெளிக்காற்றும் முழுக்க ஈரம்தான். உள்ளே 30, வெளியே 17, வித்தியாசம் 13. ஆவியைத் தள்ளுகிற விசை பாதியாகிவிடுகிறது. மழையில் ஊறி மேல்துணியில் தண்ணீர் ஒரு படலமாகப் பிடித்துவிட்டால் அந்தப் பாதியும் குறையும். அடித்துணி பெரும்பாலும் மூச்சு விடாது.

குளிர்தேசத்திலும் பிவிக்குள் ஈரம் கோர்க்கும். அங்கே படுத்தவர்களும் இதைச் சொல்வார்கள். ஆனால் அங்கே விடிந்ததும் வெயில் வரும், காற்று வறண்டிருக்கும், பாறைமேல் விரித்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். நம் மலையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மூன்று நாளைக்குத் துணி காயாது. முதல் ராத்திரி நனைந்தது மூன்றாவது ராத்திரியும் ஈரமாகவே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய குறை. ஒரு ராத்திரி கஷ்டப்படுவதைப் பற்றி ஒன்றுமில்லை, மறுநாள் படுக்க உலர்ந்த ஒன்று கையில் இருக்க வேண்டும். போதாததற்கு, பிவி உடம்புக்குச் சில டிகிரி கூடுதல் சூடு கொடுக்கும். லடாக்கில் அது வரம். இருபது டிகிரியில் யாருக்கு வேண்டும்?

இன்னொன்று. மழையில் பிவிக்குள் நுழைவதே ஒரு பாடு. நனைந்த சட்டையோடு உள்ளே போக முடியாது, வெளியே நின்று கழற்றினால் உடம்பு நனையும். முதுகுப்பையை வைக்க இடமில்லை. உட்கார முடியாது, தண்ணீர் கொதிக்க வைக்க முடியாது, நாலு பேர் சேர்ந்து பேச முடியாது. மாலை ஆறரைக்கு இருட்டி, காலை ஆறு மணிக்கு விடிகிற மாதத்தில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பைக்குள் மல்லாந்து கிடக்க வேண்டும்.

சரி, தார்ப்பாய்க்கு வருவோம்.

என் சித்தப்பா கம்மவான்பேட்டைக்காரர். வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த ஊர்தான், வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர்கள், அதனாலேயே ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். சித்தப்பா வடகிழக்கு எல்லையில் இருந்தவர். என் பிவி கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல காத்து. இது மூணும் இருந்தா எந்த மழைலயும் தூங்கலாம்டா." ராணுவத்தில் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கிரவுண்ட் ஷீட், அதாவது தரையில் விரிக்கிற தண்ணீர் புகாத விரிப்பு. இரண்டு பேர் தங்கள் ஷீட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் கூரை. எனக்கு இது உடனே பிடிபட்டது. பிவியில் மேலும் கீழும் இருக்கிறது, நடுவில் காற்று இல்லை.

தார்ப்பாய்க்கு வெளியூர்க் கடைக்குப் போக வேண்டியதில்லை. மல்லாட்டை காய வைக்கிற தார்ப்பாயே போதும். ஜிஎஸ்எம் கணக்கில் விற்பார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று. பத்துக்குப் பத்து அடியில் 90 ஜிஎஸ்எம் எடுத்தால் சுமார் 840 கிராம். 120 எடுத்தால் 1 கிலோ 100. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எடை குறைய வேண்டும் என்றால் சிலிகான் பூசிய நைலான் தார்ப் இருக்கிறது, அதே அளவு 400, 500 கிராமில் வரும், விலை பல மடங்கு. நைலான் நனைந்தால் தொய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரியில் தொப்பை விழும், எழுந்து ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் தார்ப் அவ்வளவு தொய்யாது.

கட்டுவதில் ஒரு நுணுக்கம். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுத்து அதன்மேல் தார்ப்பாயைப் போடுகிறோம். மழைத் தண்ணீர் மரத்திலிருந்து கயிறு வழியாகவே ஓடி வந்து, தார்ப்பாய்க்கு அடியில் சரியாக நம் தலைமேல் சொட்டும். கூரை ஓட்டை என்று நினைத்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருப்போம். தார்ப்பாய் தொடங்குகிற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். இதையும் சித்தப்பாதான் சொல்லிக் கொடுத்தார்.

தார்ப்பாயின் குறை தூவானம். காற்று பக்கவாட்டில் அடித்தால் ஓரம் நனையும். அதற்கு ஒரு பக்கத்தைத் தரைவரை இறக்கி, காற்று வருகிற திசைக்கு அந்த முதுகைக் காட்ட வேண்டும். பருவமழையில் பெரும்பாலும் வடகிழக்கு. ஆனால் புயலோ தாழ்வு மண்டலமோ கரையைக் கடக்கிற நேரமாக இருந்தால் திசை ராத்திரியில் மாறும். அது புதுச்சேரிப் பக்கம், நமக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். நமக்கு வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. அப்படி ஒரு அறிவிப்பு இருந்தால் மலைக்கே போகாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அந்த மழையில் எந்தத் துணி நல்ல துணி என்ற கேள்விக்கே இடமில்லை.

தார்ப்பாய்க்கு இன்னொரு குறை உண்டு. பலரும் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு மழையைவிட இதுதான் கவலை: தரையில் ஊர்வன. நம் பக்கத்துப் பாறையிலும் புதரிலும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. ஆனால் தரையில் படுக்கிறவர்களுக்கு முதல் பயம் கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, வீக்கமும் தெரியாது, கடித்ததே தெரியாமல் விடியலில் கண்ணிமை தொங்கி, பேச்சு குழறும். சந்தேகம் வந்த நிமிடமே கட்டுப்போடுவது கீறுவது எதுவும் செய்யாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மலைமேல் நடுராத்திரியில் அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. புதர்க்காட்டில் இருக்கிற நுண்பூச்சியின் குஞ்சு கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். வேலூர் வட்டாரத்தில் இது நன்றாகவே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் பல வருஷமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மழைக்காலமும் அதை ஒட்டிய குளிர்மாதங்களும்தான் இதற்குப் பருவம். மலையிலிருந்து இறங்கி ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி வந்தால், அக்குள், தொடையிடுக்கு மாதிரி மறைவான இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் டாக்டரிடம் 'காட்டில் தரையில் படுத்தேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்கிளின் என்ற மலிவான மாத்திரையில் குணமாகிற நோய், தாமதமானால் ஆளையே கொல்லும்.

இந்த ஒரு விஷயத்தில் பிவி தார்ப்பாயை ஜெயிக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஜிப்பை மூடினால் எதுவும் உள்ளே வராது. ஆனால் புழுக்கத்தில் மூட முடியாதே! அதனால் தார்ப்பாயோடு அடியில் ஒரு வலைக்கூடு சேர்த்தே ஆக வேண்டும். அடித்தளம் தண்ணீர் புகாத துணி, அது ஒரு சாண் உயரம் மேலே ஏறித் தொட்டி மாதிரி நிற்கும், அதற்கு மேல் முழுக்கக் கொசுவலை, ஒரு ஜிப். ரெடிமேடாக 300 முதல் 500 கிராமில் கிடைக்கிறது. நான் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது கொஞ்சம் கனம், 600 கிராம் வந்தது. ஜிப்பின் தையல்தான் முக்கியம், அதில் விரல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. மேலே தார்ப்பாய், உள்ளே வலைக்கூடு, அதற்குள் பாய். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, நடுவே காற்று. போன மூன்று மழைக்காலமும் நான் இதில்தான் தூங்கினேன். ஓரம் நனைந்திருக்கிறது, நான் நனைந்ததில்லை.

டென்ட் என்பது இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான். உள்ளே வலை, வெளியே மழைத்துணி, நடுவே நாலு விரல் இடைவெளி. ஆவி வெளித்துணியில் கோர்த்து அதன் வழியாகவே கீழே இறங்கும், நம்மேல் படாது. கட்டத் தெரியாதவர்களுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கும் நான் டென்ட்தான் சொல்வேன். எடையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு பேர் படுக்கிற நல்ல டென்ட் இரண்டு கிலோவுக்குப் பக்கம் வரும். துணியை ஒருவர், கம்பியை ஒருவர் தூக்கினால் ஆளுக்கு ஒரு கிலோ. வளையக் கம்பி வைத்த பிவியும் அதேதான்! தனியாகப் போகிறவர்களுக்குத்தான் எடையில் வித்தியாசம். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வெளித்துணி தரைவரை இறங்குகிறதா? தலையில் தொப்பி மாதிரி பாதி மட்டும் மூடுகிற டென்ட் பிக்னிக்குக்குத்தான் சரி, மழைக்கு உதவாது. நம் பக்கம் இன்னொரு தொல்லை, ஆணி. பாலமதியிலும் ஏலகிரியிலும் இரண்டு அங்குல மண்ணுக்குக் கீழே பாறை. ஆணி இறங்காது. இறங்குகிற செம்மண்ணில் மழை ஊறினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கயிற்றைத் தலைப்பருமன் கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை வையுங்கள். டென்டுக்குள் மட்டும் அடுப்பு மூட்டாதீர்கள். தீயும் சரி, மூடிய துணிக்குள் சேர்கிற நச்சுப்புகையும் சரி, தப்பிக்க நேரம் கொடுக்காது.

தூளி, அதாவது ஹேமக், மரம் இருக்கிற காட்டில் அருமையானது. பாம்பும் இல்லை, பூச்சியும் இல்லை, தரை ஓதமும் இல்லை, சரிவிலும் கட்டலாம். ஆனால் மேலே தார்ப்பாய் எப்படியும் வேண்டும், வலையும் வேண்டும். முதுகுக்கு அடியில் காற்று போவதால் பதினைந்து டிகிரியிலேயே குளிர் ஏறும். உச்சிப்பாறையில் கட்ட மரமும் இருக்காது. தனியாகப் போகிற, மரம் உள்ள கொல்லை தெரிந்த ஆளுக்கு நல்ல தேர்வு. நாலு பையன்கள் கூட்டமாகப் போவதற்கு இல்லை.

அப்படியானால் பிவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. என்னுடையது இன்னும் வீட்டில் இருக்கிறது. தை, மாசியில் அதே ஜவ்வாது மலைக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததே மலைமேல் வானம் தெளிவாக இருப்பதால்தான். 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. மழை முடிந்து மேகம் விலகிய அந்த மாதங்களில் நம் பிரச்சினை மழை இல்லை, விடியற்காலைப் பனி. காற்று வறண்டிருக்கும், நன்றாகக் குளிரும், பிவியின் துணி ஆவியை ஒழுங்காக வெளியே அனுப்பும். ஜிப்பை மார்புவரை திறந்து வைத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கலாம். டென்டில் அது கிடைக்காது. இமயமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் பிவி பயன்படும். மழைக்காலத்திலும் ஒரு வகை பிவியை எல்லோரும் பையின் அடியில் போட்டு வைக்க வேண்டும்: நூறு கிராம் அளவில் வருகிற வெள்ளி நிற அவசர உறை. யாராவது நனைந்து, காற்றில் நின்று, நடுக்கம் நிற்காமல், பேச்சு தடுமாற ஆரம்பித்தால் ஈரத்துணியைக் கழற்றி அதற்குள் போட்டுச் சூடேற்றலாம். நம் ஊரில் உடம்பு விறைக்காது என்று நினைக்க வேண்டாம். பதினைந்து டிகிரியில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கக் கூடாது, அது சட்டம். ஊரை ஒட்டிய பட்டாக் கொல்லையில் சொந்தக்காரரைக் கேட்டுப் படுக்கலாம். மலைமேல் இருக்கிறவர்கள் கேட்டால் மறுப்பது குறைவு. கானாற்று மணல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அங்கே விரிக்காதீர்கள். நம் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேல்மலையில் பெய்த தண்ணீர் திடீரென்று வந்து சேரும். சாய்ந்து நிற்கிற உருண்டைப் பாறைக்குக் கீழேயும் வேண்டாம். இடி இடித்தால் உச்சியையும் ஒற்றை மரத்தையும் விட்டு இறங்கி, ஊருக்குள் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்விடுங்கள். மின்னலிலிருந்து காப்பாற்றுகிற துணி எதுவும் இல்லை.

ஆக, மாப்பிள்ளை, நாலு பேர் என்றால் தரைவரை மூடுகிற இரண்டு டென்ட் எடுங்கள். வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைத்தால் அதுவே போதும். கூடவே என்னிடம் இருக்கிற பத்துக்குப் பத்துத் தார்ப்பாயைக் கொண்டுபோ. இரண்டு டென்டுக்கும் நடுவே கட்டினால் உட்கார, சமைக்க, ஈரச்சட்டை மாற்ற ஒரு தாழ்வாரம் ஆச்சு. ஆளுக்கு ஒன்று என்று அவசர உறை நாலு. கிளம்புவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மொட்டை மாடியில் கட்டி, பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடலாம். வரும்போது கயிற்றில் கட்ட இரண்டு துணிக்கிழிசல் எடுத்துக்கொண்டு வா, பழைய லுங்கி இருந்தால் கிழித்துக்கொள்.